லைட் குக்கிங்

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது:
லைட் குக்கிங் மட்டும்.
மேகி போடலாம், முட்டை அவிக்கலாம்,
பால் காய்ச்சலாம்.
மீன் கூடாது. வறுவல் கூடாது.
தக்காளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நானும் கேட்டதில்லை.
கேட்டால்
பதில் சொல்லிவிடுவார்கள்.

யீஷூனில் பதினோராம் மாடி,
மூன்றறை வீட்டில் ஓர் அறை எனக்கு.
வீட்டுக்காரர் குவெக் டாக்சி ஓட்டுகிறார்.
மாலை ஐந்துக்குப் போனால்
விடியலில்தான் வருவார்.
ஐந்தேகாலுக்கு மேல்
அடுப்பு என்னுடையது.

இன்று எனக்கு விடுப்பு.
நான்கு நாளாகக்
கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டு
தூசிக்கும் அனுமதியில்லாத கூடத்தில்
சில்லுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.
பவுடர் பூசக் கூடாது, சென்ட் கூடாது.
பன்னிரண்டு மணி நேரம்
எதற்குமே வாசனை கிடையாது அங்கே.

எனவே தக்காளி.

ஈரச்சந்தையில் கடை கட்டுகிற நேரம்.
நாளைக்குத் தாங்காது என்று
ஒரு வெள்ளிக்குக் கூடையோடு கவிழ்த்தார்.
அழுகல் இல்லை,
கட்டைவிரல் பட்டால் குழிகிற பக்குவம்.
வரமிளகாய் டப்பா காலி.
சில்லி பாடி ஆறு போதும் என்று நினைத்து
ஒன்பது கீறினேன்.

நல்லெண்ணெய் தாராளமாக.
தொக்குக்கு எண்ணெயில் கணக்குப் பார்க்கிறவர்கள்
சட்னி அரைத்துக்கொள்ளலாம்.

கடுகு வெடித்தது.
உள்ளறையில் ஓர் இருமல்.

கரண்டி கையோடு நின்றுவிட்டது.
எட்டிப் பார்த்தேன். வாசலில்
அவருடைய கறுப்புச் சப்பாத்து.
போகவில்லை மனிதர்.

மூடியை எடுத்து அமுக்கினேன்.
கடுகு மூடிக்குள் இருந்து திட்டியது.
பூண்டை ஒவ்வொன்றாக இறக்கினேன்,
தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவதுபோல.
மிளகாய்க்கு மட்டும்
மெதுவாக விழத் தெரியவில்லை.
இரண்டாவது இருமல். மூன்றாவது.
அடுத்தது தும்மல், அது என்னுடையது.

நிறுத்தினால் பச்சை வாசனை.
நிறுத்தாவிட்டால் நோட்டீஸ்.
தக்காளியைக் கொட்டினேன்.

பனியனோடு வந்து நின்றார்.
கண்ணெல்லாம் நீர்.
வண்டி பட்டறையில், கியர் போய்விட்டது என்றார்,
நான்தான் விளக்கம் கேட்டதுபோல.
பிறகு சட்டியை எட்டிப் பார்த்தார்.
அது தன் பங்குக்கு
சுவரின் வெள்ளை ஓட்டில்
ஒரு சிவப்புப் பொட்டை எறிந்தது.

"இது லைட்டா?"

"தக்காளிதான் அங்கிள்."

கொஞ்சம் யோசித்தார்.
ஒப்பந்தத்தை மனசுக்குள் புரட்டியிருக்கலாம்.
ஒன்றும் சொல்லாமல்
சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.
மூங்கில் கழியை உள்ளே இழுத்து
காய்ந்த சட்டைகளை
மழைக்கு எடுப்பதுபோல அள்ளி
மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.
கதவு மூடியது.
கதவின் அடியில் ஒரு துண்டு
உள்ளிருந்து மெல்லத் திணிக்கப்பட்டது.

உப்பு, மஞ்சள், கொட்டைப்பாக்களவு வெல்லம்.
அப்புறம் எண்ணெய் பிரியக் காத்திருப்பது.
அதற்குக் குறுக்குவழி கிடையாது,
யார் இருமினாலும்.
ஓடுகளைத் துடைத்தேன்.
மறுபடி தெறித்தது. மறுபடி துடைத்தேன்.
கடைசியில் ஓரமெல்லாம் எண்ணெய் கக்கி
நடுவில் சுருண்டு கிடந்தது
ஒரு சிவப்புத் தீவு.

நின்றபடியே சோறு பிசைந்தேன்.
முதல் கவளத்தில் காது எரிந்தது.
நான்கு நாளாக இல்லாத மூக்கு
திரும்பி வந்து ஒழுகியது.
ஒன்பது அதிகம்தான்.

பாட்டிலில் அடைத்து, தேதி ஒட்டி,
குளிர்பெட்டியில் இரண்டாம் தட்டில்
என் பாதிக்குள் வைத்தேன்.
சன்னல் சாத்தப் போனபோதுதான் பார்த்தேன்,
கழியின் கோடியில்
அவர் எடுக்க மறந்த ஒரு நீலச் சட்டை.
டாக்சிக்குப் போடுகிறது.
முகர்ந்தேன்.
தொக்கேதான்.

துவைத்துப் போட்டிருக்கலாம்.
மடித்து அவர் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன்.

வண்டி சரியானதும் ஏதோ ஓர் இரவில்
சிராங்கூனிலோ சாங்கியிலோ
பின்னிருக்கையில் ஏறும் யாரோ ஒருவர்
போகவேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டு
இரண்டு சிக்னல் தாண்டியதும்
காரணம் தெரியாமல்
எச்சில் விழுங்குவார்.